அளவு பார்க்கும் ஆசாமி

படுத்த படுக்கையாக இருக்கும் எமில்டாவை ஒருக்களித்துப் படுக்கவைத்து, புண் வராமலிருக்க முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவளைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. நம் கை வேலையில் இருக்கும்போதுதான் இந்த இனம் வீட்டுக்குள் நுழையும். பெயர், அளவு பார்க்கும் ஆசாமி. நோயாளியைப் பார்க்கமாட்டார், எண்ணைப் பார்ப்பார். தலையணைக்கடியில் காய்ச்சல்மானி வைத்திருப்பவர், தண்ணீர்த் தொட்டியை மணிக்கொரு தரம் எட்டிப் பார்ப்பவர், மீன் வாங்கப்போய் தராசைவிட்டுக் கண்ணெடுக்காமல் அழுகிய சீலாவோடு திரும்பி வருபவர், எல்லாரும் ஒரே குடும்பம்.

அந்தக் குடும்பத்தின் எங்கள் மில்லர்புரம் கிளைக்குத் தலைவர் பக்கத்து வீட்டு கிளாட்வின். எமில்டாவின் மகள் ஜெஸ்மிக்கு மறுநாள் பத்து மணிக்கு ஒரு கப்பல் கம்பெனி நேர்காணல். வீட்டுக் கம்ப்யூட்டரில்தான் பேச வேண்டும். "ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க மாமா" என்று கேட்டுவிட்டாள். பாவம்.

கேட்க வேண்டுமா? பிராசசருக்குப் போகும் வோல்டேஜைக் காட்டும் சாஃப்ட்வேர் ஒன்றை ஏற்றினார். அதைச் சரிபார்க்க இன்னொன்று. இரண்டுக்கும் தகராறு வர, தீர்த்துவைக்க மூன்றாவது. மூன்றையும் கண்காணிக்க நான்காவது. எண்கள் பேயாட்டம் ஆடின.

"ஏளா, இங்கன பாரு. ஒண்ணே காலுங்குது, மூணுங்குது, இப்ப பூஜ்யம். நாளைக்கு இதைத் தொடாத. கருகிரும்."

"வேற கம்ப்யூட்டருக்கு எங்க போவேன் மாமா?" ஜெஸ்மியின் முகம் வெளுத்துவிட்டது.

கையைத் துடைத்துக்கொண்டு வந்தேன். "பூஜ்யம்னா கரண்டே போகலைன்னுதான அர்த்தம்?"

"ஆமாக்கா."

"பொறவு எப்படிலே படம் தெரியுது? நாடி இல்லைன்னு எழுதிருக்க, நோயாளி உன்கூடப் பேசிக்கிட்டிருக்கா."

கிளாட்வின் திரையை விரலால் தட்டிப் பார்த்தார்.

"ஒரே கையை நாலு பேரு ஒரே நேரத்துல புடிச்சா எவன் கணக்கு சரியா வரும்? மூணை மூடுளா, ஜெஸ்மி."

மூடினாள். எண் சாதுவாகிவிட்டது. கம்ப்யூட்டருக்கு வேலை கொடுத்தால் கொஞ்சம் ஏறியது, சும்மா விட்டால் இறங்கியது. மாடிப்படி ஏறினால் என் நாடியும் அப்படித்தான்.

கிளாட்வினுக்குத்தான் மனம் ஆறவில்லை. "இப்படிச் சட்டுனு சரியாவுறதுதான்க்கா சந்தேகமா இருக்கு."

மறுநாள் காலை ஒன்பதரைக்கு வோல்டேஜ் அளக்கும் மல்டிமீட்டரோடு வந்து நின்றார். கம்ப்யூட்டர் பெட்டியைத் திறக்க வேண்டுமாம். வாசல் பக்கத்திலேயே நாற்காலி போட்டு, அவர் கையில் எமில்டாவின் பிரஷர் பட்டையைக் கட்டி, "பத்து நிமிஷத்துக்கு ஒருக்க பட்டனை அமுக்கி எழுதணும், எந்திரிக்கக் கூடாது" என்றேன். பதினொரு மணிவரை எழுந்திருக்கவில்லை. உள்ளே ஜெஸ்மி நிம்மதியாகப் பேசி முடித்தாள்.

அவருக்கு எவ்வளவு காட்டியது என்று கேட்கிறீர்களா? நீங்களும் கையை நீட்டுங்கள்.