சைலன்ஸும் மூன்று கண்டாக்குகளும்

அமைதி வேண்டி இவ்வளவு சத்தம் போட்ட மனிதர் இந்த உலகத்தில் வேறு யாரும் இல்லை. ஹட்டன் கடைவீதியில் அவருக்குப் பெயரே ‘சைலன்ஸ்’. இரும்புக்கடைக்கு மேலே இருபத்திரண்டு படி ஏறினால் அவருடைய ஒலிப்பதிவு அறை. சுவரில் பதினான்கு கம்பளிகள். உள்ளே யாராவது இருமினால் “சைலன்ஸ்!” என்று அவர் போடும் கூச்சலில் கீழே ஆணி நிறுப்பவரின் தராசு ஆடும்.

அவருக்கு ஒரு வியாதி உண்டு. கணினியில் எந்த சவுண்ட் சர்வரை டிஃபோல்ட்டாக வைப்பது என்று முடிவாகாமல் மைக்கைத் திறக்கமாட்டார். அது என்ன என்று ஒருமுறை கேட்டுத் தொலைத்தேன்.

“தோட்டத்துல காலையில வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களம் மாதிரிங்க சேர். பாட்டு, வீடியோ, மெசேஜ் சத்தம் எல்லாம் வரிசையா வந்து நிக்கும். யாருக்கு என்ன வேலைன்னு கண்டாக்கு ஐயா பிரிச்சு விடணும்ல? அவருதான் சர்வர். பல்ஸ்னு ஒருத்தர், அன்றாட வேலைக்கு. நல்ல மனுசன், கொஞ்சம் மந்தம். ரெக்கோடிங்குக்கு ஜேக். ரொம்பக் கறாரு, மத்தவங்க மூச்சு விடக்கூடாது. இப்ப பைப்வயர்னு புதுசா ஒருத்தர், ரெண்டு வேலையும் நானே பாக்குறேங்கிறாரு.”

“அவரையே வச்சிடுங்களேன், தம்பி.”

“நம்பலாமாங்க சேர்?”

அந்தக் கவலை அன்றே என்னையும் தொற்றிக்கொண்டது.

பிறகு என் மனைவிக்குக் கண்டியில் தொண்டை ஆபரேஷன் என்று முடிவானது. குரல் மாறிவிடலாம் என்றார் டாக்டர். நாற்பத்தொரு வருடமாக நான் திட்டு வாங்கிய குரல் அது. மூன்று பாட்டையாவது பதிந்து வைத்துக்கொள்ள, ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட அன்றே சைலன்ஸிடம் போனோம். மூன்றே காலுக்குக் கண்டி பஸ். மணி ஒன்று ஐம்பது.

சைலன்ஸ் ஐந்து முறை கண்டாக்கை மாற்றினார். கடைசியில் புதியவருக்கே வேலை கிடைத்தது. மனைவி பாடினாள், பதினோரு நிமிடம். போட்டுக் கேட்டால் கிரிக்கெட் வர்ணனை! கணினித் திரையின் ஓரத்தில் அவர் சத்தத்தைக் குறைத்து ஓடவிட்டிருந்த மேட்ச். மாற்றிய அவசரத்தில், மைக்கில் வருவதை விட்டுவிட்டு ஸ்பீக்கருக்குப் போவதைப் பதியச் சொல்லியிருக்கிறார்.

“இதுல நான் எங்க தம்பி பாடுறேன்?” என்றாள் மனைவி. “ரெண்டாவது விக்கெட்டுக்குப் பொறகா?”

சைலன்ஸ் சிரிக்கவில்லை. “மன்னிச்சிருங்க டீச்சர்” என்றார், எனக்கே சரியாகக் கேட்காத குரலில். மேட்சை மூடினார். ஜேக்கை மட்டும் வைத்தார். மைக்கில் “ஒண்ணு, ரெண்டு” சொல்லிப் போட்டுக் காட்டச் சொன்னேன், மூன்று தடவை. பிறகு கீழே ஓடிப்போய்க் கடைக்காரரைக் கும்பிட்டுத் தராசையும் நிறுத்திவிட்டு வந்தார்.

ஆனால் அவள் தொண்டை களைத்திருந்தது. ஒரே ஒரு பாட்டுத்தான் கிடைத்தது. இரண்டாவதன் நடுவிலேயே குரல் நின்றுவிட்டது. மணி மூன்று ஐந்து. பஸ்ஸுக்கு ஓடினோம்.

ஆபரேஷன் முடிந்து ஐம்பத்திரண்டாம் நாள், லெப்டொப்பையும் மைக்கையும் தூக்கிக்கொண்டு சைலன்ஸ் எங்கள் வீட்டு வாசலில் நின்றார். “வாங்க தம்பி, டீ குடிங்க” என்றாள் மனைவி, கரகரவென்று. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

“இதுவும் நல்ல கொரல்தாங்க டீச்சர். மிச்ச ரெண்டு பாட்டையும் இதுலயே எடுத்துருவமா?”

ஆபரேஷனுக்குப் பிறகு அன்றுதான் அவள் பாடினாள்.

அவர் கிளம்பும்போது மழை. வீட்டில் இருப்பது ஒரே குடை. அதைக் கொடுத்துவிட்டு, வளைவில் அவர் மறையும்வரை, நனையாமல் போய்ச் சேரவேண்டுமே என்று வாசலிலேயே நின்றிருந்தேன்.