மனைவியின் பெயர்: யோகமலர்

யாழ்ப்பாணத்தில் அமரர் அண்ணையை விட அதிக தடவை செத்தவர் எவரும் இல்லை. காலையில் பத்துத் தடவை, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் இன்னொரு பத்து, பின்னேரம் முதலாளிக்குக் காட்டுவதற்காக மேலும் இரண்டு. செத்து முடித்ததும் கதிரையை விட்டு எழும்பிச் சோம்பல் முறித்து, "செத்துக் களைச்சுப் போனன் பிள்ளை, ஒரு பிளேன்ரீ சொல்லு" என்பார்.

விசயம் இதுதான். மரண அறிவித்தல் போடுகிற இணையத்தளம் ஒன்றை நடத்தும் சின்னக் கந்தோர் எங்களுடையது. நான் புரோகிராம் எழுதுகிறவள்; அதில் பிழை பிடிக்கிறவர் அண்ணை. வாசகர்கள் பார்க்கும் தளம் ஒன்று, நாங்கள் சோதித்துப் பார்க்க இன்னொன்று. நாள் முழுக்கக் கையால் படிவம் நிரப்பி அவருக்கு விரல் வீங்கியதால், தானே பிரவுசரைத் திறந்து, தானே எழுதி, தானே பொத்தானை அமத்துகிற ஒரு சோதனை மென்பொருளைக் கொண்டு வந்தோம். ஆனால் இறந்தவரின் பெயர் என்ற கட்டத்தில் யாரைப் போடுவது? சும்மா சோதனைக்கு என்றாலும், உயிரோடு இருக்கிற ஒருவரை அங்கே எழுத எங்களுக்குக் கை வரவில்லை. கற்பனையாக ஒரு பெயர் வைத்தாலும் அந்தப் பெயரில் எவருக்காவது ஒரு மாமா இருந்து தொலைத்தார்.

"என்ரை பேரைப் போடு பிள்ளை. நான் பாத்துக்கொள்ளுறன்" என்றார் அண்ணை. அன்றிலிருந்து அவர் அமரர். முதலாளி கூட அப்படித்தான் கூப்பிட்டார்.

சாவதை அவர் அரைகுறையாகச் செய்யவில்லை. இதற்கென்றே ஸ்ரூடியோவுக்குப் போய், வேட்டி சால்வையோடு விபூதி பூசிப் படம் எடுத்து வந்தார். மென்பொருளோடு ஓயாத சண்டை. "உவனுக்குக் கண் தெரியாது. பொத்தானின்ரை பேரைச் சொன்னால்தான் அமத்துவான். நீ பேரை மாத்திப்போட்டாய், உவன் இப்ப தடவிக்கொண்டு நிக்கிறான்" என்று என்னைக் குற்றம் சொல்வார். பக்கம் முழுதாகத் திறக்க முன்னரே அது எழுதத் தொடங்கினால் திரையைப் பார்த்து, "பொறடா! செத்தவீட்டுக்கு ஆராவது ஓடிப் போவாங்களோ?" என்று அதட்டுவார். சோதனை இடையில் நின்றுபோனால் பெருமூச்சு விட்டு, "இண்டைக்கு என்னைச் சாகவும் விடுறாங்களில்லை" என்பார்.

ஒரே ஒரு கட்டத்தை மட்டும் நிரப்ப விடமாட்டார். அது மனைவியின் பெயர். அண்ணைக்கு வயது நாற்பத்து மூன்று, கல்யாணம் ஆகவில்லை.

"ஏதாவது ஒரு பேரைப் போடுவம் அண்ணை. அந்தக் கட்டமும் வேலை செய்யுதோ எண்டு பாக்க வேணுமெல்லே?"

"இல்லாத மனிசியை என்னத்துக்குப் பிள்ளை விதவையாக்கிறாய்?"

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை என்பதை நான் கவனிக்கவில்லை.

பிறகு, நீர்வேலியில் ஓர் ஆசிரியையின் சாதகம் பொருந்தியது. பருத்தித்துறையில் இருந்த அண்ணையின் அக்கா நடையாய் நடந்து பிடித்த சம்பந்தம். மூன்று கிழமையாக இருவரும் தொலைபேசியில் பேசினார்கள். கந்தோர்ப் படிக்கட்டில் நின்று அண்ணை "ஓம்... ஓம்..." என்று மட்டும் சொல்லிக்கொண்டிருப்பார். அந்த ஓமுக்கே முகமெல்லாம் சிவந்திருக்கும்.

பெண் பார்க்க அவர் லீவு போட்ட நாளில்தான் எனக்குச் சனி பிடித்தது. ஆள் இல்லைத்தானே என்று அந்தக் கட்டத்தில் "யோகமலர்" என்று போட்டுச் சோதனையை ஓட விட்டேன். எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தாமாக விழுந்தன. பிரசுரிக்கும் பொத்தான் அமர்ந்தது. எல்லாம் சரி என்று பச்சை நிறத்தில் வந்தது. வேறொரு பிழையைப் பார்ப்பதற்காக, முந்தின நாள் அண்ணை வீட்டுக்குப் போன பிறகு நான் சோதனைத் தளத்தின் முகவரியை எடுத்துவிட்டு, வாசகர்கள் பார்க்கும் தளத்தின் முகவரியைப் போட்டிருந்தேன். திருப்பி மாற்ற மறந்துபோனேன்.

நீர்வேலியில் அண்ணை இரண்டாவது வடையைக் கையில் எடுத்தபோது லண்டனிலிருந்து பெண்ணின் பெரியப்பா அழைத்தாராம். மரண அறிவித்தல் பார்க்காமல் அவருக்குக் காலைத் தேநீர் இறங்காது. "மாப்பிளை செத்துப்போனாராமே! படமும் போட்டுக் கிடக்கு!" என்று அவர் கத்தியது கூடம் முழுக்கக் கேட்டது. எல்லோரும் மாப்பிள்ளையைப் பார்த்தார்கள். அவர் வடையைத் தட்டில் வைத்துவிட்டு, "அது கந்தோர் வேலை" என்றார். செத்ததை அவர்கள் மன்னித்துவிட்டார்கள். பெரியப்பாதான் விடாமல் வாசித்தார். "யோகமலரின் அன்புக் கணவர் எண்டு எழுதியிருக்கு. ஆர் அந்த யோகமலர்?" சோதனைக்காக யாரோ போட்ட பெயர் என்று அண்ணை சொல்ல, கந்தோரில் விசாரிப்பதாகச் சொல்லி அவரை அனுப்பினார்களாம்.

மறுநாள் காலை முதலாளி எங்கள் இருவரையும் நிறுத்தி வைத்துக் கத்தினார். "ஆர் இதைச் செய்தது? ஆளை இண்டைக்கே வீட்டை அனுப்புவன்!" எனக்கு வேலை அப்போது நிரந்தரமாகவில்லை. வீட்டில் உழைப்பவள் நான் ஒருத்திதான்.

"நான்தான்" என்றார் அண்ணை. "பேரும் நான் போட்டதுதான்."

வெளியே வந்ததும், "என்னை அனுப்பமாட்டார் பிள்ளை. சாகிறதுக்கு வேறை ஆள் எங்கை கிடைக்கும்?" என்று கண்ணைச் சிமிட்டினார்.

அரை மணித்தியாலம் கழித்துப் பெண்ணின் தமையன் கந்தோருக்கு அழைத்தார். முதலாளி பொய் சொல்லத் தெரியாத மனிதர். தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். "அந்தப் பேரை அவரே போட்டவராம்." தொலைபேசி என் மேசையிலிருந்து நாலடி தூரத்தில் இருந்தது. எழும்பிப் போய், நான் எழுதினேன் என்று சொல்லியிருந்தால் போதும். நான் திரையில் ஏதோ தேடுகிறவள் போலக் குனிந்திருந்தேன். சம்பந்தம் அத்தோடு முறிந்தது.

அண்ணை என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வைதிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். படிக்கட்டில் போய் நிற்பதை நிறுத்தினார். அடுத்த வருடம் வேலையை விட்டு அக்காவிடம் போய்விட்டார். எனக்கு வேலை நிரந்தரமாகியது. இன்று என் கீழே ஐந்து பேர் வேலை செய்கிறார்கள். மேலிடத்தில் நல்ல பெயர்.

நீர்வேலி ரீச்சர், இந்த இதழ் உங்கள் வீட்டுக்கு வருமோ தெரியாது. நீங்கள் இப்போது கல்யாணமாகிப் பிள்ளைகுட்டியோடு இருக்கலாம். இருந்தாலும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பெயரை எழுதியவள் நான். யோகமலர் என்று ஒருத்தி இருந்ததே இல்லை. இருந்திருந்தால், அவள் கொடுத்து வைத்தவள்.