எங்கள் கார்ப்பரேட்டரின் பெயர்

அன்று எனக்கு ஒரே ஒரு வேலைதான். எங்கள் வார்டு கார்ப்பரேட்டரின் பெயரை விசாரித்து வர வேண்டும்.

ஒன்பதாவது படிக்கும் என் மகள் செல்விக்கு சிவிக்ஸ் வீட்டுப்பாடம்.

"நம்ம ஏரியாவுக்கு மாநகராட்சியில யாரு உறுப்பினர், அப்பா?"

"தெரியலையே."

"ஓட்டுப் போட்டீங்கல்லா?"

"ஆமாட்டி, போட்டேன்."

"யாருக்கு?"

சின்னம் ஞாபகம் இருந்தது. பெயர் வரவில்லை! ஓட்டுப் போட்ட அன்று விரல் மையை என் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் காட்டியவன் நான். ஐம்பது வயதைத் தாண்டியும் நான் என்ன குடிமகன்? மனசு குடைந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

முதலில் தையல்கடை ஆறுமுகத்தைக் கேட்டேன்.

"என்ன அண்ணாச்சி, குழாய் விஷயமா?"

வடக்கே பிழைக்க வந்த தமிழர்கள் மட்டும் வாழும் எங்கள் சந்துக் குழாயில் ஒரு வாரமாகத் தண்ணீர் இல்லை.

"இல்லய்யா. பேரு மட்டும் போதும்."

"பேரு என்னத்துக்கு? ஆளையே பாத்துருவோம். வீடு எனக்குத் தெரியும்!"

கத்திரியை வைத்துவிட்டுக் கூடவே வந்தார். குழாயடியில் காலிக் குடங்களோடு நின்ற பெண்கள், எங்கே என்று கேட்டார்கள்.

"அண்ணாச்சி கார்ப்பரேட்டரைப் பாக்கப் போறாவ! இன்னைக்குக் குழாய்க்கு ஒரு முடிவு!" என்றார் ஆறுமுகம்.

குடங்கள் கிளம்பின. மாஹிம் போகும் ரோட்டுக்கு வந்தபோது பின்னால் இந்தியில் தண்ணீர் கேட்டுச் சத்தம்.

"பானி தோ! பானி தோ!"

திரும்பினேன். ஊர்வலம்!

"லீடர் கௌன்?" என்று ஒரு போலீஸ்காரர் மறித்தார். எல்லாக் கைகளும் என்னைக் காட்டின. கார்ப்பரேட்டரைப் பார்க்கத்தான் என்றேன்; வழி விட்டார்.

கார்ப்பரேட்டர் வாசலுக்கே ஓடிவந்தார். கதவில் பெயர்ப்பலகை இருந்தது. மராத்தியில்! எனக்கு அந்த எழுத்தில் ஓர் அட்சரம் தெரியாது. எங்கள் கூட்டத்தில் யாருக்குமே தெரியாது.

"கல் பானி ஆயேகா, சாப்!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நாளைக்கே தண்ணீர்! சாயா வேறு வந்தது.

இத்தனை பேரைத் திரட்டிக்கொண்டு போய்விட்டு, "ஐயா, உங்க பேரு என்ன?" என்று எப்படிக் கேட்பது? கௌரவம் விடவில்லை. சாயாவைக் குடித்துவிட்டு வந்தேன்.

வழியில் ஆறுமுகத்தை ஒதுக்கிக்கொண்டு போய்க் கேட்டேன். "அவரு பேரு என்னவே?"

"எனக்கு வீடுதாம் தெரியும், அண்ணாச்சி."

வீட்டில் செல்வி பென்சிலோடு காத்திருந்தாள்.

"பேரு?"

"நாளைக்குத் தண்ணி வரும்."

"அதில்லப்பா, பேரு!"

அவள் சந்துப் பக்கம் எட்டிப் பார்த்தாள். ஆறுமுகம் அங்கே என் வீரத்தை விளக்கிக்கொண்டிருந்தார். செல்வி கொஞ்சம் யோசித்தாள். பிறகு என் பெயரை எழுதினாள்.

மறுநாள் தண்ணீர் வந்தது. செல்வியின் விடையை டீச்சர் தப்பு என்று சிவப்பு மையில் அடித்துவிட்டாராம்.

சாக்கடை அடைத்துக்கொண்டது என்று என் வாசலில் வந்து நிற்பவர்களிடம் அதை யார் சொல்வது?