குதிரையைப் பிடித்த கை

குழந்தைகளுக்கான கார்ட்டூன் தொடர் ஒன்று வரப்போகிறதாம், அதில் எங்கள் பக்கத்து வீட்டுத் துர்சின்பெக் தனிப் பாத்திரமாகவே வருகிறாராம் என்று கீழ்வீட்டு அம்மா, ரொட்டிக் கடையில் யாரோ சொல்லக் கேட்டு, என்னிடம் சொன்னார். யார் சொன்னது என்று கேட்டேன்.

"அவரேதான் சொல்லியிருப்பாரு, வேற யாரு?"

வாசகரே, 'படத்தில் இருந்தவர்' என்று ஓர் இனம் உண்டு. கஜகஸ்தானில், இந்த அல்மாத்தி நகரத்தில் எந்த விருந்துக்குப் போனாலும் ஒருவராவது தட்டுப்படுவார். ஒருவன் வெள்ளைக் குதிரையோடு புதையல் தேடிப் போகிற அந்தப் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை இங்கே பார்க்காதவர் இல்லை. வருஷா வருஷம் நௌரிஸ் புத்தாண்டுப் பண்டிகைக்கு அதைத் தொலைக்காட்சியில் போடுவார்கள், போடும்போதெல்லாம் துர்சின்பெக் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஆற்றங்கரைக் காட்சி வந்ததும் இறைச்சிக் கொழுப்பு ஒட்டிய விரலோடு எழுந்துபோய்த் திரையைத் தொட்டு, "நிறுத்து! நிறுத்து! அதோ!" என்று கூவுவார். அங்கே குதிரை நிற்கும். கடிவாளத்தை ஒரு கை பிடித்திருக்கும். கை மட்டும்.

அந்தக் கைதான் அவர்.

ஆரம்பத்தில் அது வெறுமனே குதிரையைப் பிடித்துக்கொண்டிருந்தது. மகள் கல்யாணத்தின்போது, கதாநாயகனை ஆற்றிலிருந்து இழுத்துக் கரையில் போட்டது. அவர் ஓய்வுபெற்ற பிறகோ இயக்குநரின் தோளைத் தட்டிக் காமிராவை எங்கே வைப்பது என்றே சொல்லத் தொடங்கிவிட்டது. உடம்பு தளரத் தளரக் கை மட்டும் வளர்வதை நான் வேறெங்கும் கண்டதில்லை. கண்டதில்லையா? அதைப் பிறகு சொல்கிறேன்.

கார்ட்டூன் எடுப்பவர்களிடமிருந்து ஒரு பெண் அவரைக் கூப்பிட்டது உண்மை. கறுப்பு வெள்ளைப் படத்தை வண்ணத்தில் வரைய வேண்டுமே, கடிவாளம் என்ன நிறம் என்று கேட்டாள். "சிவப்பு" என்றார். "ரொம்ப நன்றி தாத்தா" என்று வைத்துவிட்டாள். அவ்வளவுதான் நடந்தது. இல்லை, அவர் மனைவி குல்பாஷ், "நேத்து வரைக்கும் நீலம்னுதானே சொல்லிக்கிட்டிருந்தீங்க?" என்று கேட்டதும் நடந்தது. மறுநாளே அந்த அழைப்பு "என்னைக் கலந்துக்காம ஒரு கோடு போட மாட்டேங்கிறாங்க" என்று மாறியது. வாரம் முடிவதற்குள், "குரலும் நான்தான் குடுக்கணுமாம்."

இதையெல்லாம் சம்பந்தி ஒஸ்பான் நம்பியதுதான் வினை. ஒஸ்பான் வீட்டு விருந்தில் கதவுக்கு எதிரேயுள்ள மேல் இடமும், பெரிய மனிதர் முன் வைக்கிற வெந்த ஆட்டுத் தலையும் எப்போதும் அவருடைய அண்ணன், ஓய்வுபெற்ற கர்னலுக்குத்தான். துர்சின்பெக் இரண்டாம் இடம். மகளைக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து அந்தத் தலை தன்னைக் கடந்து போவதைப் பார்த்துக்கொண்டே பல்லைக் கடித்தவர் அவர். தொடரின் முதல் பகுதி ஒளிபரப்பான ஞாயிற்றுக்கிழமை, ஒஸ்பான் ஆடு அறுத்து, உறவையெல்லாம் கூட்டி, கர்னலை ஒரு மெத்தை தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, தலையைக் கொண்டுவந்து துர்சின்பெக் முன் வைத்தார். என்னையும் துர்சின்பெக் கூட்டிப் போயிருந்தார், சாட்சிக்கு.

கையில் கத்தியோடு அவர் திரையைப் பார்த்தார். குதிரை வந்தது. பேசியது. பாடக்கூடச் செய்தது. ஆற்றங்கரையில் வந்து நின்றது. கடிவாளம் செக்கச்சிவப்பு.

அதன் மறுமுனை ஒரு மரக்கம்பத்தில் கட்டப்பட்டிருந்தது.

"சம்பந்தி," என்றார் ஒஸ்பான், "கம்பம் அச்சு அசல் உங்க சாயல். என்னமா நிக்குது!"

"குரல் எப்ப வரும்?" என்றார் கர்னல்.

"அது... அடுத்த பகுதில."

"அதுல கம்பம் நடந்து வருமோ?"

சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. துர்சின்பெக் என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீ சொல்லுப்பா. படத்துல என் கையை நீ பாத்திருக்கேல்ல?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஊருக்குப் போகும்போதெல்லாம் 'எங்க பக்கத்து வீட்டுக்காரர் அங்க பெரிய சினிமா நட்சத்திரம்' என்று சொல்லிவிட்டு வருகிற நான் வேறென்ன செய்வேன்? தலையாட்டினேன்.

"தலை ஆறுது, வெட்டுங்க," என்றார் ஒஸ்பான். "இல்லாட்டி அண்ணன் பக்கம் தள்ளுங்க."

"இருங்க. அந்தப் பொண்ணையே கேட்டுருவோம்." துர்சின்பெக் எல்லாருக்கும் கேட்கும்படி கைபேசியைத் தட்டருகே வைத்து எண்ணை அழுத்தினார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஒரு பிரபலத்தின் முதுகுக்குப் பின்னால் உங்கள் காது பாதி தெரிகிற படம் உங்கள் கைபேசியிலும் இருக்குமே, அதையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். 'அவருக்கு என்னை நல்லாத் தெரியும்' என்று போன மாதம் யாரிடம் சொன்னீர்கள்? 'அப்படியா, இப்பவே கூப்பிடுங்களேன்' என்று அவர் சொல்லாதது உங்கள் அதிர்ஷ்டம்.

இங்கே மணி அடிக்கிறது. துர்சின்பெக் கத்தியைக் கீழே வைக்கவில்லை. கர்னல், யாரையும் பார்க்காமல், தட்டைத் தன் பக்கம் ஒரு விரற்கடை நகர்த்துகிறார்.

இன்னும் அடித்துக்கொண்டுதான் இருக்கிறது.