ஓரெஸ்ட் ஹாலுஷ்காவின் பணிநீக்கம்

ஐஸ் ஹாக்கிப் பயிற்சியாளர்கள் இரு வகைப்படுவர். மேல் லீக்கில் இருப்பவர்கள் ஒரு வகை. மேல் லீக்குக்குப் போகவிருப்பவர்கள் மறு வகை. மேல் லீக்கிலிருந்து நீக்கப்பட்டவர்கள் என்று மூன்றாவதாக ஒரு வகை உண்டென்று சிலர் வாதாடுவார்கள். ஆழ்ந்து நோக்கினால் அது தவறு. அவர்களும் முதல் வகையினரே. தற்சமயம் வேறு ஊருக்கு வீடு மாற்றிக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

எல்க் பெண்ட் பேட்ஜர்ஸ் அணியின் பயிற்சியாளர் ஓரெஸ்ட் ஹாலுஷ்கா இரண்டாம் வகையைச் சேர்ந்தவர். வெகு காலமாகச் சேர்ந்தவர். பேட்ஜர்ஸ் கீழ் லீக் அணி. பெருநகரத்தில் இருந்த மேல் லீக் கிளப் ஒன்றின் நாற்றங்கால். அதாவது, எல்க் பெண்டில் எவன் நன்றாக ஆடுகிறானோ அவன் மறுநாள் காலை விமானத்தில் இருப்பான். மிஞ்சியவர்களை வைத்துக்கொண்டு ஓரெஸ்ட் சனிக்கிழமை ஆட்டத்தில் தோற்பார். வெற்றி விகிதம் திருப்தியாக இல்லை என்று மேலிடம் வருந்தும்.

ஒரு பருவத்தில் அவர் தந்திரம் செய்தார். மேலிடத்து ஆட்கள் பார்க்க வரும் நாள்களில் மட்டும் கொஞ்சம் தடுமாறி விழும்படி கெட்டிக்காரப் பையன்களிடம் சொல்லிவைத்தார். பையன்கள் ஊரிலேயே தங்கினார்கள். அணி ஜெயித்துக்கொண்டே போனது. இளம் வீரர்களின் வளர்ச்சியில் தேக்கம் காணப்படுவதாக மேலிடம் வருந்தியது. இன்னொரு வருடம் கோப்பையே கிடைத்தது. அதற்குக் காரணம், மேலிடத்தில் பொது மேலாளர் மாறி, புதிதாக வந்தவருக்கு எல்க் பெண்ட் என்று ஓர் ஊர் இருப்பதே மார்ச் மாதம் வரை தெரியாமல் போனதுதான்.

இந்த வசந்தத்தில் ஓரெஸ்டுக்கு அவசரம் வந்துவிட்டது. மனைவி லோர்னாவின் தம்பி கோதுமை அறுவடை இயந்திரங்கள் விற்பவர். நல்ல வியாபாரம், விற்பனைக்கு ஓர் ஆள் தேவை. செப்டம்பருக்குள் ஓரெஸ்ட் மேல் லீக்குக்குப் போகாவிட்டால் இயந்திரம் விற்கப் போவது என்று லோர்னாவும் அவரும் கைகுலுக்கி முடிவு செய்திருந்தார்கள். லோர்னா கொடுமைக்காரி அல்ல. இந்தக் கோடை நிச்சயம் என்று கணவர் சொன்ன எல்லாக் கோடைகளிலும் பெட்டிகளைத் துடைத்துத் தயாராக வைத்தவள் அவள்தான்.

மேலிடத்துக் கிளப் தன் பயிற்சியாளரை மார்ச்சிலேயே நீக்கியிருந்தது. நாற்காலி காலி. ஓரெஸ்ட் தம்முடைய பழுப்பு நிறக் கோட்டைப் போட்டுக்கொண்டு நேர்காணலுக்குப் போனார்.

பொது மேலாளர் கார்சன் விட்லாக் சின்ன வயதுக்காரர். வெளியே பனி உருகாத ஏப்ரல் மாதத்தில், கணுக்கால் தெரியக் கால்சட்டை அணிந்து, காலுறை இல்லாமல் உட்கார்ந்திருந்தார். அந்த வருடம் மேல் லீக் முழுவதுமே கணுக்காலோடுதான் இருந்தது. பக்கத்தில் கலாசார இயக்குநர் என்ற பதவியில் ஓர் அம்மையார். பந்துக்குப் பதிலாக ஆடும் அந்த ரப்பர் வட்டு தன்னை நோக்கி வேகமாக வரும்போது ஓரெஸ்டின் உள்ளத்தில் என்ன நிகழ்கிறது என்று அவர் கேட்டார். தள்ளி நின்றுகொள்வேன் என்றார் ஓரெஸ்ட். அம்மையார் விட்லாக்கைப் பார்த்தார்.

ஆனாலும் எல்லாம் நன்றாகவே போனது, கடைசிக் கேள்வி வரும்வரை.

"மேல் லீக்ல எத்தனை வருஷம் வேலை பாத்திருக்கீங்க?" என்றார் விட்லாக்.

"அதுக்குத்தானே வந்திருக்கேன்."

"அங்கதான் பிரச்சினை. இது பெரிய பொறுப்பு. அனுபவம் இல்லாத ஆள்கிட்ட குடுக்க முடியாது."

"அனுபவம் இருக்கறவங்க எங்க இருந்து வர்றாங்க?"

"வேற கிளப்புல நீக்கிடுவாங்க. நாங்க எடுத்துக்குவோம்," என்றார் விட்லாக், மழை எங்கிருந்து வருகிறது என்று குழந்தைக்குச் சொல்வதுபோல.

மறுநாள் அந்த வேலை டுவேன் ஸ்ட்ராண்ட் என்பவருக்குப் போனது. ஐந்து கிளப்புகள் அவரை நீக்கியிருந்தன. ஐந்து கிளப்புகள் நம்பிய மனிதர் என்று விட்லாக் பெருமையோடு அறிமுகப்படுத்தினார்.

எல்க் பெண்டின் டோனட் கடையில் உதவிப் பயிற்சியாளர் ரெஜான் காத்திருந்தான். கியூபெக்கிலிருந்து ஆட வந்து, முழங்கால் போனபின் ஊரோடு தங்கிவிட்டவன். பேட்ஜர்ஸ் அணி அதிசயமாக ஏதாவது சரியாகச் செய்தால், அது முந்தின நாள் ரெஜான் கற்றுக்கொடுத்ததாக இருக்கும். ஓரெஸ்டுக்கு அது தெரியும். தாம் மேலே போகும் நாளில் அவனையும் கூட்டிப்போவதாக அதனாலேயே வாக்குக் கொடுத்திருந்தார். ரெஜான் அந்த வாக்கை நம்பி வேறு இரண்டு ஊர்களின் அழைப்பை மறுத்திருந்தான்.

ஓரெஸ்ட் காபியை ஆறவிட்டுக்கொண்டு யோசித்தார். மேல் லீக்குக்குப் போக மேல் லீக்கிலிருந்து நீக்கப்பட்டிருக்க வேண்டும். இது வரை சந்தேகமில்லை.

"அப்போ என்னை நீக்கிட்டாப் போதும்," என்றார்.

"நீங்க அங்க வேலையே பாக்கலையே கோச்."

"அதான் வசதி. யாருக்கும் நஷ்டம் இல்ல. இடத்தைக் காலி பண்ணவும் வேணாம்."

ரெஜான் ஒரு டோனட்டை முழுதாகத் தின்று முடித்து, இதில் ஆட்சேபிக்க ஒன்றுமில்லை என்று சொன்னான்.

ஓரெஸ்ட் விட்லாக்குக்குத் தொலைபேசினார். சிரித்துவிடுவார் என்று எதிர்பார்த்தார். விட்லாக் சிரிக்கவில்லை, நிமிர்ந்து உட்காரும் நாற்காலிச் சத்தம் கேட்டது. ஒருவரை நியமிப்பது பெரும் தொல்லை என்றும், உரிமையாளர், அவருடைய மகன், வழக்கறிஞர்கள் எல்லாரும் ஒப்ப வேண்டும் என்றும் அவர் விளக்கினார். நீக்குவது அப்படியல்ல. அதற்குப் பொது மேலாளரின் அதிகாரமே போதும். அதோடு, அந்த வருடம் கிளப் ஆடிய லட்சணத்துக்கு ரசிகர்கள் இன்னும் யாரையாவது நீக்கச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள். பழைய பயிற்சியாளரை மார்ச்சிலேயே செலவழித்துவிட்டதால் விட்லாக்கின் கைவசம் வேறு ஆள் இல்லை.

வெள்ளிக்கிழமை பத்திரிகையாளர் கூட்டம் நடந்தது. நீண்ட பரிசீலனைக்குப் பிறகு ஓரெஸ்ட் ஹாலுஷ்காவும் கிளப்பும் இனித் தனித்தனிப் பாதையில் செல்வதென முடிவாகியிருப்பதாகவும், அவருடைய பங்களிப்பைக் கிளப் என்றும் மறவாதென்றும் விட்லாக் தழுதழுத்த குரலில் அறிவித்தார். கேள்வி கேட்டவர்கள், இதை முன்னமே செய்யாதது ஏன் என்று கேட்டார்கள். ஓரெஸ்ட் எப்போது அங்கே இருந்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் கிளப்பில் பயிற்சியாளர்கள் வந்துபோன வேகத்தில், தமக்குத்தான் நினைவில்லை என்று ஒவ்வொருவரும் எண்ணிக்கொண்டு, அதை வெளிக்காட்டாமல் இருந்துவிட்டார்கள்.

மாலைத் தொலைக்காட்சியில் மூன்று நிபுணர்கள் வட்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்து அவருடைய வீழ்ச்சியை ஆராய்ந்தார்கள். எதிரணியில் ஒருவன் தண்டனைக் கூண்டில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் கோல் போடுவதற்குப் பவர் ப்ளே என்று பெயர். ஹாலுஷ்கா காலத்தில் பவர் ப்ளே படுத்துவிட்டது என்பது அவர்களின் ஒருமித்த கருத்து.

வீட்டில் இதைப் பார்த்துக்கொண்டிருந்த ஓரெஸ்டின் முகம் சிவந்தது.

"என் பவர் ப்ளேக்கு என்ன கொறச்சல்? ஆளே குடுக்காம ஆடுன்னா யாரால முடியும்?"

"ஓரெஸ்ட்," என்றாள் லோர்னா, "உனக்கு அங்க பவர் ப்ளேயே கெடையாது."

"அதைத்தான் நானும் சொல்றேன். குடுக்கவே இல்ல."

லோர்னா தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, அவர் முன்னால் உருளைக்கிழங்குக் கொழுக்கட்டையை வைத்தாள். பாதிதான் சாப்பிட்டார். அவர் மெய்யாகவே வருந்துகிறார் என்று கண்டு அவளும் அவர் தோளைத் தட்டிக்கொடுக்க வேண்டியதாயிற்று.

ஊரில் நிலைமை மாறிவிட்டது. முதல் நாள் வரை டோனட் கடையில் அவரை வழிமறித்து, கோல்காப்பாளனை ஏன் மாற்றவில்லை என்று அதட்டிய கிழவர்கள், இப்போது தொப்பியை எடுத்துவிட்டு ஒதுங்கி வழிவிட்டார்கள். மேல் லீக் நீக்கிய மனிதர் தங்கள் ஊரில் முடிவெட்டிக்கொள்கிறார் என்று நாவிதர் பக்கத்து ஊர்க்காரர்களிடம் சொன்னார். பெருநகரத்துக்காரர்கள் நன்றி கெட்டவர்கள் என்பதில் ஊர் ஒன்றுபட்டது. அவர் அங்கே ஆற்றிய தொண்டைப் பற்றி இரண்டு பேர் நேரில் பார்த்ததுபோலவே பேசினார்கள்.

பத்து நாள் கழிந்து தெற்கே பாலைவனத்தில் இருக்கும் மேல் லீக் கிளப் ஒன்று அழைத்தது. பனிக்கட்டி என்பதைக் குளிர்பானத்தில் மட்டுமே கண்ட ஊர் அது. ஹாக்கி ஆடினால் ஊர் பெரிய ஊராகிவிடும் என்று யாரோ நம்பவைத்திருந்தார்கள். நேர்காணலில் உரிமையாளர், தோல்வியிலிருந்து என்ன கற்றீர்கள் என்று கேட்டார். ஓரெஸ்ட் பொய் சொல்லத் தெரியாதவர். அங்கே தமக்கு ஒரு நாள்கூட வாய்ப்புத் தரப்படவில்லை என்றார். இவ்வளவு திறந்த மனதோடு பேசும் மனிதரைக் கண்டதில்லை என்று உரிமையாளர் நெகிழ்ந்தார். புள்ளிவிவரப் பிரிவில் இருந்த இளைஞர்கள் கணினியைத் தட்டிப் பார்த்து, ஹாலுஷ்கா மேல் லீக்கில் ஓர் ஆட்டம்கூடத் தோற்றதில்லை என்று கண்டுபிடித்தார்கள். தோற்காத மனிதரை நீக்கிய கிளப்பின் மூடத்தனத்தை எண்ணி அறையில் எல்லாரும் தலையை ஆட்டினார்கள்.

வேலை அவருக்கே கிடைத்தது. லோர்னா தம்பிக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, துடைத்துவைத்த பெட்டிகளைத் திறந்தாள். விமான நிலையத்தில் ஓரெஸ்ட் ரெஜானைக் கட்டிக்கொண்டு, போனதும் கூப்பிடுகிறேன் என்றார்.

கோடை முழுக்க அழைப்பு வரவில்லை. புது இடம், வேலை அதிகம் என்று ரெஜான் அவருக்காகத் தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டான். ஆகஸ்ட் கடைசியில் தன் சறுக்குக் காலணிகளைத் தோளில் மாட்டிக்கொண்டு தானே போய் இறங்கினான். ஓரெஸ்ட் கிளப்பின் மூச்சுப் பயிற்சி ஆலோசகரோடு இருந்ததால் கொஞ்ச நேரம் வெளியே உட்காரவேண்டியிருந்தது.

உள்ளே போனதும் ஓரெஸ்ட் எழுந்து வந்து அணைத்துக்கொண்டார். அன்பில் குறையே இல்லை. குளிர்ந்த எலுமிச்சைச் சாறு வரவழைத்தார். எல்க் பெண்டில் எல்லாரும் சுகமா என்று ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி விசாரித்தார். விசாரிக்கப் பெயர்கள் தீர்ந்தபின் ஜன்னலைப் பார்த்தார்.

"கோச், அந்த உதவிப் பயிற்சியாளர் வேலை," என்றான் ரெஜான்.

"உன் திறமைல எனக்குச் சந்தேகமே இல்ல ரெஜ். அதை யார்கிட்ட வேணா சொல்லுவேன்."

"என்கிட்ட சொன்னாப் போதும்."

"ஆனா பாரு, இது மேல் லீக். கீழ இருந்தப்ப எனக்கும் புரியல. இங்க வந்து உக்காந்தாத்தான் தெரியுது. அனுபவம் இல்லாத ஆளை வெச்சுக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாது."

ரெஜான் எலுமிச்சைச் சாற்றைக் குடித்து முடித்தான். அவனுக்கு வழி தெரியும். அந்த வழி பிறந்தபோது எதிரே உட்கார்ந்து டோனட் தின்றவன் அவன்தான்.

"சரி கோச். அப்போ என்னை நீக்கிடுங்க. வெள்ளிக்கிழமை சொன்னாக்கூடப் போதும். நான் வேற இடத்துல பாத்துக்கறேன்."

ஓரெஸ்ட் திடுக்கிட்டார். பழைய நண்பன் இப்படித் தரம் தாழ்ந்து கேட்பான் என்று அவர் எண்ணியிருக்கவில்லை.

"அது எப்படி ரெஜ்? கேக்கறவனை எல்லாம் நீக்கிட்டே இருந்தா, நீக்கறதுக்கு என்ன மரியாதை இருக்கு?" அவர் குரல் தணிந்து, கனிந்து வந்தது. "மேல் லீக்ல இருந்து ஒருத்தனை நீக்கறோம்னா, அவனுக்கும் ஒரு தகுதி இருக்கணும்ல?"

திரும்பும் விமானத்தில் ரெஜான் இந்த வாதத்தை எல்லாப் பக்கமும் புரட்டிப் பார்த்தான். ஓட்டை அகப்படவில்லை. ஊர் வந்து டோனட் கடையில் சொன்னான். கிழவர்கள் முதலில் கொதித்தார்கள். வாக்குக் கொடுத்த மனிதன் இப்படிச் செய்யலாமா என்றார்கள். பிறகு அவர்களும் புரட்டிப் பார்த்தார்கள். இரண்டாவது காபி வருவதற்குள், ஓரெஸ்ட் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்று ஒருவர் சொல்ல, அனுபவப்பட்டவர் பேச்சே தனி என்று இன்னொருவர் முடித்தார்.

பேட்ஜர்ஸ் பயிற்சியாளர் பதவி இன்னும் காலியாக இருக்கிறது. இந்தத் தடவை ஊர் ஏமாறுவதாக இல்லை. நல்ல இடத்திலிருந்து நீக்கப்பட்ட ஒருவராகப் பார்த்துக் கொண்டுவந்தே தீருவது என்று தேர்வுக் குழு ஒன்று அமைத்திருக்கிறார்கள். விஷயம் தெரிந்தவன், நேர்மையானவன் என்று ரெஜானையே அதற்குத் தலைவனாக்கினார்கள். அனுபவம் போதாதென்று இதுவரை மூன்று பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறான். குழு கூடாத நாள்களில் அணிக்குப் பயிற்சி கொடுப்பதும் அவன்தான். அணி முன்னெப்போதையும்விட நன்றாக ஆடுகிறது. ஆளில்லாத நேரத்தில் இப்படித் தற்செயலாக நடப்பதுண்டு என்று, குழுத் தலைவன் என்ற முறையில், அவனே ஊரை எச்சரித்திருக்கிறான்.