ஆஸ்பத்திரிப் பக்கம் போகாது

"இந்த பஸ்ஸு ஆஸ்பத்திரி பக்கம் போகுமா தம்பி?"

ரோனால்டுக்கு ஸ்டீயரிங்கைக் கடித்துத் துப்பலாம் போலிருந்தது. கேட்டது பாப்பம்மா. கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் வேலை. பாடாங் செராயிலிருந்து வருஷக்கணக்காக இதே பஸ்ஸில்தான் போகிறாள். பஸ்ஸின் நெற்றியில் புது மின்பலகை வேறு போகுமிடத்தைச் சொல்லிக்கொண்டே ஓடுகிறது. அப்படியும் கேள்வி.

போகாது என்று அவன் சொல்லி வாய் மூடவில்லை. அடுத்து நின்ற செக்யூரிட்டி புவனேசன், மார்க்கெட்டில் நிற்குமா என்று விசாரித்தான். அவனும் தினமும் வருகிறவன்தான்.

கடைசியாக மூச்சு வாங்க ஏறினாள் கேரன், ரோனால்டின் மனைவி. ஒரு கேள்வி கிடையாது. பேசாமல் போய் அவனுக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்துகொண்டாள். இவளைப் பார்த்தாவது இந்த ஜனங்கள் திருந்தக் கூடாதா என்று ரோனால்டுக்குப் பெருமை தாங்கவில்லை.

கேள்விகளால் பஸ் தினமும் தாமதம். வெள்ளிக்கிழமையாவது நேரத்துக்குக் கிளம்பாவிட்டால் பாலிங் ரூட்டுக்குத் தூக்கிவிடுவதாக ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். பாலிங் போனால் கேரனோடு பேசக் கிடைக்கும் இந்தப் பயணமும் போச்சு. அவள் வேலை முடிந்து வீடு வரும்போது இவன் குறட்டையில் இருப்பான்.

பலகையில் என்ன ஓட வேண்டும் என்பதைக் கைப்பேசியிலேயே மாற்றலாம். அன்றிரவே 'ஆஸ்பத்திரி போகாது, மார்க்கெட்டில் நிற்கும்' என்று சேர்த்தான்.

மறுநாள் பாப்பம்மா நின்று நிதானமாகப் படித்தாள். எந்த மார்க்கெட் என்று கேட்டாள். எழுத்து ஏன் பச்சையில் ஓடுகிறது என்று கேட்டான் புவனேசன்.

ரோனால்டு விடுவானா? எல்லா நிறுத்தங்களையும் சேர்த்தான். ஏர்கான் இருக்கிறது, டுரியான் பழம் கொண்டுவரக் கூடாது, மெர்போக் போகாது என்று மனதில் பட்டதையெல்லாம் ஏற்றினான். பலகை ராமாயணமாக நீண்டது. ஜனங்கள் பஸ்ஸுக்கு முன்னால் நின்று முழுக்கப் படித்தார்கள்.

"மொத வரிய விட்டுட்டேண்ணே, இன்னொரு தடவ ஓடட்டும் லா" என்றான் புவனேசன்.

போதாக்குறைக்கு, 'மெர்போக்' என்று ஓடியதை மட்டும் பார்த்துவிட்டு யாரோ ஒருவர் கோழிக்கூண்டோடு ஏறிவிட்டார். அவரைச் சமாதானப்படுத்தி இறக்குவதற்குள் பஸ் முன்னைவிடத் தாமதம்.

வெள்ளிக்கிழமை ரோனால்டு அத்தனையையும் அழித்தான். ஒரே வாசகம்தான் வைத்தான்: 'டிரைவரிடம் எதுவும் கேட்கக் கூடாது.'

பாப்பம்மா வாயைத் திறந்தாள். அவன் பலகைப் பக்கம் கையைக் காட்டினான். புவனேசன் தொண்டையைக் கனைத்தான். அதற்கும் பலகையைக் காட்டினான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, வேண்டாவெறுப்பாக ஏறினார்கள். மற்றவர்களும் ஏறினார்கள். கடிகாரத்தையே பார்த்திருந்த ரோனால்டு, மணி ஆனதும் கதவைச் சாத்தி வண்டியை எடுத்துவிட்டான்.

நேரம் தவறாமல் கிளம்பியாயிற்று! அவனுக்குத் தலைகால் புரியவில்லை. பஸ்ஸுக்குள் ஒரே கூச்சல். இருக்கைகளைத் தட்டினார்கள், அவன் பேரைச் சொல்லிக் கத்தினார்கள். சரி, இவர்களுக்கும் சந்தோஷம்தான் என்று அவன் ஹார்னை அடித்துப் பதில் மரியாதை செய்தான். முதல் சிவப்பு விளக்கில் ஆபீஸுக்குப் போன் போட்டான். பாலிங் இல்லை, இதே ரூட்டில் இருக்கலாம் என்றார்கள்.

"கேரன், கேட்டியா? இனிமே தினமும் ஒண்ணாவே போலாம்" என்று பூரிப்போடு திரும்பினான்.

பின் இருக்கை காலியாக இருந்தது. எல்லோரும் பின்பக்கக் கண்ணாடி வழியாகச் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பாப்பம்மா பெருமூச்சு விட்டாள்.

"ஆஸ்பத்திரி பக்கம் போகாதுன்னு எங்களுக்குத் தெரியாதா தம்பி? ஒனக்குச் சோறு கட்டிட்டு ஒன் பொண்டாட்டி ஓடியாற வரைக்கும் பஸ்ஸ நிறுத்தி வைக்க, நாங்க வேற என்னத்தத்தான் கேக்குறது?"