மாப்பிள்ளையின் காரும் உள்ளே போன பெடலும்

அன்புக்கும், அதைவிட ஒரு படி மேலாக மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், உங்கள் அத்தை நலம், நீங்கள் வேலை மாற்றலாகிப் போகும்போது எங்களிடம் விட்டுப்போன மின்சாரக் காரும் நலம். அங்கே நீங்களும் என் பெண்ணும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கார் நலம் என்று எழுதும் தைரியம் நேற்றுதான் வந்தது, அதனால்தான் கடிதம் தாமதம். பதற்றப்படாமல் உட்கார்ந்து படியுங்கள். நானும் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

விஷயம் பிரேக் பெடலில் ஆரம்பித்தது. ஒருநாள் காலை மிதித்தபோது அது வழக்கமான இடத்தில் நிற்காமல், பஞ்சு மெத்தையில் கால் வைத்ததுபோல உள்ளே போயிற்று. மறுபடி மிதித்தேன், சரியாக இருந்தது. உங்களுக்குத் தெரியாததல்ல, நான் வேலையில் இருந்த காலமெல்லாம் லிஃப்ட்களைச் சோதித்துச் சான்றிதழ் கொடுத்தவன். பெட்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறதா என்று பார்ப்பதே என் பிழைப்பு. அப்படிப்பட்டவன் பிரேக் விஷயமாக இன்னொருவரிடம் போய் நிற்பது கொஞ்சம் கௌரவக் குறைச்சலாகப் பட்டது. கால்மிதி பெடலுக்கு அடியில் மடங்கியிருக்கும் என்று நானே முடிவு செய்து, அதை எடுத்து வெயிலில் போட்டேன். பெடல் மறுநாளும் உள்ளே போயிற்று. செருப்பு வழுக்குகிறதென்று ஷூ மாட்டினேன். அப்போதும் போயிற்று. "ஷூவுக்குள்ள இருக்கிற காலையும் ஒரு தடவை மாத்திப் பாருங்க" என்றாள் உங்கள் அத்தை. மெக்கானிக்கிடம் காட்டச் சொன்னாள். பார்க்கலாம் என்றேன். நான் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்பது உங்களுக்கே தெரியும், நீங்கள் பெண் கேட்டு வந்தபோதும் அதைத்தான் சொன்னேன்.

அப்புறம்தான் அந்த வாகன நிறுத்தக் கட்டிடம். மேல் தளத்தில் காரை சார்ஜில் போட்டுவிட்டு, அத்தைக்கு மூக்குக் கண்ணாடி மாற்றிக்கொண்டு திரும்பி வந்தோம். பேட்டரி நிரம்பியிருந்தது, எனக்கும் மனம் நிரம்பியிருந்தது. சுற்றிச் சுற்றி இறங்குகிற சரிவுப் பாதையில் முதல் வளைவுக்கு முன்னால் பிரேக்கை மிதித்தேன். பெடல் தரையைத் தொட்டது, வண்டி அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. எதிரே ஒரு பெண்மணி சாமான் வண்டியைத் தள்ளிக்கொண்டு பாதையைக் கடக்கிறார். அத்தை குரலை உயர்த்தாமல், "விட்டு விட்டு மிதிங்க" என்றாள். மிதித்தேன், கொஞ்சம் பிடித்தது, போதவில்லை. அவள் கையை நீட்டி நடுவில் இருக்கிற ஹேண்ட் பிரேக் பொத்தானை இழுத்து, விடாமல் பிடித்துக்கொண்டாள். கார் குலுங்கி நின்றது. அந்தப் பெண்மணி திரும்பிப் பார்த்து, நாங்கள் வழிவிட்டதாக நினைத்துப் புன்னகையோடு தலையசைத்தார். அத்தையும் தலையசைத்தாள். ஆனால் அவள் விரல் அந்தப் பொத்தானை விட்டு வர வெகுநேரம் ஆயிற்று. காரை அங்கிருந்து இன்னொரு வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோனார்கள்.

எங்கள் பகுதியில் ஒரு மெக்கானிக் இருக்கிறார், 'எக்ஸ்பிரஸ்' என்று பெயர். வேகத்தால் வந்த பெயரல்ல, பேச ஆரம்பித்தால் எந்த ஸ்டேஷனிலும் நிற்க மாட்டார். சக்கரங்களைக் கழற்றிப் பார்த்தார், பிரேக் ஆயில் அளவு சரி, எங்கும் கசிவு இல்லை. பிரேக் பேட் தேய்ந்திருக்கும் என்றார், நானும் அதேதான் என்றேன். பேட் மாற்றி, ஆயில் மாற்றி, ஓட்டிப் பார்த்ததில் அருமையாக நின்றது. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டோம். அடுத்த தடவை வீட்டில் சார்ஜ் போட்டு எடுத்தால், தெருமுனையிலேயே பெடல் பழையபடி உள்ளே போயிற்று. நல்லவேளை, நடக்கிற வேகத்தில்தான் போனேன்.

"சார்ஜ் ஃபுல்லா இருக்கிறப்பதான் இப்படி ஆகுது, கவனிச்சீங்களா?" என்றாள் அத்தை.

"ஏன், சாப்பிட்ட மயக்கமா காருக்கு?" என்று சிரித்தேன். அவள் சிரிக்காமல் எக்ஸ்பிரஸிடம் போய்ச் சொன்னாள். அவர் முதல் தடவையாகப் பேச்சை நிறுத்தினார்.

"அம்மா, நீங்க சொல்றதுதான் சரி. இந்த வண்டியில ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தாலே மோட்டார் வண்டியைப் பிடிச்சு இழுக்கும், அந்த கரண்டு பேட்டரிக்குப் போகும். பேட்டரி ஃபுல்லுன்னா கரண்டு எங்க போகும்? மோட்டார் கையை விரிச்சிடும், வெறும் பெடல்தான் கதி. மத்த நேரம் பெடல்ல இருக்கிற கோளாறை மோட்டார் மறைச்சுவெச்சுது, நானும் ஏமாந்துட்டேன்."

அத்தையை ஓட்டுநர் சீட்டில் உட்காரவைத்து, "மெதுவா மிதிச்சு அப்படியே வெச்சிருங்க" என்றார். அவள் காலை அசைக்கவே இல்லை, பெடல் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது. "தரைத்தளம் வந்தாச்சு" என்றாள், என்னைப் பார்த்து. பெடலின் அழுத்தத்தை ஆயில் வழியாகச் சக்கரங்களுக்கு அனுப்புகிற மாஸ்டர் சிலிண்டரில் ரப்பர் வளையம் நைந்திருக்கிறது. ஆயில் வெளியே கசியாமல் உள்ளுக்குள்ளேயே நழுவியிருக்கிறது. புது சிலிண்டர் வந்ததும் மாட்டினார். குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற அத்தை பெடலில், நான் தரையில் பாட்டிலும் கையுமாக. "அமுக்குங்க, பிடிங்க, இப்ப விடுங்க" என்று எக்ஸ்பிரஸ் சொல்லச் சொல்ல, கடைசிக் குமிழி வரும்வரை நான் இமைக்காமல் பார்த்தேன். நேற்று பேட்டரியை நிரப்பி, அதே சரிவில் அத்தையே ஓட்டினாள். வளைவுக்கு வளைவு பெடல் கல்லைப்போல நின்றது. நான் பக்கத்தில் கண்ணை மூடியிருந்தேன், அதை அவளிடம் சொல்ல வேண்டாம்.

இருந்தாலும் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். நீங்கள் வரும்வரை கார் ஷெட்டை விட்டு ஓர் அங்குலம் நகராது. என் சொல்லை மீறி இந்த வீட்டில் எதுவும் நடக்காது. நீங்கள் நிம்மதியாக வேலையைக் கவனியுங்கள். நீங்கள் இருவரும் உடல்நலமும் மனநிறைவுமாக நெடுங்காலம் வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பி.கு.: மேலே உள்ளதை எழுதி முடித்ததும், "தபால் எதுக்கு, நேர்லயே குடுத்துட்டு வரலாம், பொண்ணைப் பார்த்தும் நாளாச்சு" என்றாள் உங்கள் அத்தை. இதை நெடுஞ்சாலை சார்ஜ் நிலையத்தில் மடியில் வைத்து எழுதுகிறேன். அவள்தான் ஓட்டுகிறாள், நன்றாகவே ஓட்டுகிறாள். ஆக, நீங்கள் இதைப் படிக்கும்போது நான் உங்கள் எதிரில்தான் உட்கார்ந்திருப்பேன். தயவுசெய்து நிமிர்ந்து பார்க்காமல் படியுங்கள்.